கேஷ்பேக் ஓட்டைகள்: பொருள் வாங்காமல் பணத்தைச் சுற்றவிட்டால் என்ன ஆகும்?

2025 செப்டம்பர் 15 அன்று ரிசர்வ் வங்கி, பேமென்ட் அக்ரிகேட்டர் நிறுவனங்களுக்கான (வாடிக்கையாளரிடம் பணத்தை வாங்கி வணிகருக்குச் சேர்க்கும் இடைநிலை நிறுவனங்கள்) புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. அதையொட்டிய நாட்களில் போன்பே, பேடிஎம், கிரெட் ஆகிய செயலிகளில் கிரெடிட் கார்டு மூலம் வீட்டு வாடகை கட்டும் வசதி நின்றுபோனது. உண்மையிலேயே வாடகை கட்டியவர்களுக்குக் குழப்பம். வாடகை என்ற பெயரில் தங்கள் வீட்டுக்குள்ளேயே பணத்தைச் சுற்றவிட்டு ரிவார்டு பாயிண்ட் சேர்த்தவர்களுக்கு ஏமாற்றம்.

இரண்டாவது கூட்டத்தினர் வழக்கமாக வைக்கும் வாதம் இது: "கார்டு என்னுடையது, லிமிட் வங்கியே கொடுத்தது, பில்லையும் தேதி தவறாமல் கட்டிவிடுகிறேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" கேட்பதற்கு நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமானால் கேஷ்பேக் என்ற பணம் எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## கேஷ்பேக் பணம் எங்கிருந்து வருகிறது?

கடையில் 10,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கி கார்டு தேய்க்கிறீர்கள். கடைக்காரருக்கு முழு 10,000 போய்ச் சேராது. எம்.டி.ஆர். என்ற கட்டணம் கழிக்கப்படும். அது 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அவர் கைக்கு வருவது 9,800 ரூபாய். மீதி 200 ரூபாயை மூன்று பேர் பிரித்துக்கொள்கிறார்கள்: உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி, கடைக்கு ஸ்வைப் மெஷின் கொடுத்த வங்கி, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க். இதில் பெரிய பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு. அந்தப் பங்குக்கு இன்டர்சேஞ்ச் என்று பெயர்.

டெபிட் கார்டுக்கு இந்தக் கட்டணத்தில் ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. வழியாகவும் ரூபே டெபிட் கார்டு வழியாகவும் கட்டினால் 2020 ஜனவரி முதல் எம்.டி.ஆர். பூஜ்யம். கிரெடிட் கார்டுக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. தாராளமான கேஷ்பேக் கிரெடிட் கார்டில் மட்டும் கிடைப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

ஆனால் 200 ரூபாயில் ஒரு பங்கை மட்டும் பெறும் வங்கி, 10,000 ரூபாய்க்கு 500 ரூபாய் கேஷ்பேக் எப்படித் தருகிறது? வங்கி தனித்தனிப் பரிவர்த்தனையைப் பார்த்துக் கணக்குப் போடுவதில்லை. வாடிக்கையாளர்கள் எல்லோரையும் சேர்த்து, சில எதிர்பார்ப்புகளோடு திட்டம் போடுகிறது:

1. கார்டு தேய்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பொருளோ சேவையோ விற்கப்படுகிறது. அதற்குரிய இன்டர்சேஞ்ச் வரும்.
2. ஒரு குடும்பத்தின் செலவுக்கு இயல்பான எல்லை உண்டு. மாதம் 40,000 ரூபாய்க்கு மளிகை வாங்குபவர் கேஷ்பேக் கிடைக்கிறது என்பதற்காக 4 லட்சத்துக்கு மளிகை வாங்க மாட்டார்.
3. ஒரு பகுதியினர் பில்லை முழுதாகக் கட்ட மாட்டார்கள். அவர்கள் தரும் வட்டி, தாமதக் கட்டணம், இ.எம்.ஐ. கட்டணம் எல்லாம் மற்றவர்களின் கேஷ்பேக் செலவில் ஒரு பங்கைத் தாங்கும்.

மூன்றாவது எதிர்பார்ப்பு மனதுக்குக் கஷ்டமானது. கடனைக் கட்ட முடியாமல் தவிக்கும் ஒருவரின் வட்டிப் பணமும் இன்னொருவரின் கேஷ்பேக்கில் கலந்திருக்கிறது. ஆனால் ஓட்டையைப் பயன்படுத்துபவர் உடைப்பது முதல் இரண்டையும்தான். பொருள் இல்லாமல் பணம் மட்டும் சுற்றினால் அதற்கு எல்லை என்று ஒன்றும் இல்லை. வங்கிக்கு உறுத்துவது அந்த எல்லையின்மைதான்.

## ஆஃபரைப் பயன்படுத்துவது வேறு, ஓட்டையில் நுழைவது வேறு

ஒவ்வொரு கடைக்கும் அதன் தொழிலைக் குறிக்கும் நான்கு இலக்க எண் உண்டு. எம்.சி.சி. என்பார்கள். சூப்பர் மார்க்கெட்டுக்கு 5411, நகைக்கடைக்கு 5944, மின்சாரம், தண்ணீர் போன்ற சேவைகளுக்கு 4900, வாடகைக்கு 6513, வாலட்டில் பணம் ஏற்றுவதற்கு 6540. எந்தச் செலவுக்கு எவ்வளவு கேஷ்பேக் என்பதை வங்கியின் கணினி இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பது பெரும்பாலும் அதற்குத் தெரியாது. ஓட்டைகள் பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

வீட்டுக்கு வேண்டிய ஃபிரிட்ஜை 5 சதவீத கேஷ்பேக் கார்டில் வாங்குவதும், பெட்ரோலுக்கு ஒரு கார்டு, ஆன்லைனுக்கு ஒரு கார்டு என்று பிரித்து வைத்துக்கொள்வதும் ஓட்டை இல்லை. வங்கி எதிர்பார்ப்பதே அதைத்தான். அதைச் செய்பவர்கள் யாரும் பயப்பட வேண்டாம்.

தகராறு வருவது கீழே உள்ள வழிகளில்:

1. வாடகைச் சுழற்சி. மனைவி, மைத்துனர், நண்பர் என யாரையாவது வீட்டு உரிமையாளராகக் காட்டி வாடகை "கட்டுவது". பணம் அவர் கணக்குக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து கார்டு பில்லைக் கட்டும். கார்டு ரொட்டேஷன் என்று சொல்லப்படுவதில் மிகப் பிரபலமான வகை இது.
2. வாலட், கிஃப்ட் கார்டு. கார்டிலிருந்து வாலட்டுக்கும், அங்கிருந்து வேறு வழியாக வங்கிக் கணக்குக்கும் பணத்தை நகர்த்துவது. அல்லது கிஃப்ட் கார்டாக வாங்கி யாருக்காவது விற்பது.
3. ஸ்வைப் பண்ணிக் காசு வாங்குவது. கடைக்காரர் பொருள் விற்றதுபோல் பில் போட்டு, 2 அல்லது 3 சதவீதம் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் தருவார். ரூபே கிரெடிட் கார்டு யு.பி.ஐ.யில் இணைந்த பிறகு தெரிந்தவர் கடையின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தும் இது நடக்கிறது. சிறு வணிகர்களுக்கு 2,000 ரூபாய் வரையிலான பரிவர்த்தனையில் எம்.டி.ஆர். கிடையாது என்ற சலுகையைச் சிலர் 1,999, 1,999 என்று உடைத்து ஸ்கேன் செய்யப் பயன்படுத்துகிறார்கள்.
4. டீல் குரூப். டெலிகிராம், வாட்ஸப் குழுவில் ஒருவர் மொபைல் மாடலையும் டெலிவரி முகவரியையும் போடுவார். வங்கி ஆஃபர் உள்ள கார்டில் நீங்கள் ஆர்டர் செய்ய வேண்டும். போன் அவருக்குப் போகும். பணமும் ஒரு சிறு கமிஷனும் உங்கள் கணக்குக்கு வரும்.

கிஃப்ட் கார்டைத் தவிர்த்துப் பார்த்தால் முதல் மூன்றில் பொருளே இல்லை. நான்காவதில் பொருள் உண்டு, ஆனால் அது உங்களுடையது இல்லை. இனி வரும் எல்லாவற்றுக்கும் இந்த வேறுபாடுதான் அடிப்படை: ஏதாவது வாங்கப்பட்டதா, பணம் மட்டும் இடம் மாறியதா? வங்கியும், வரித்துறையும், காவல்துறையும் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான்.

## அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்கள்

அமெரிக்க நாடாளுமன்றம் 2005இல் ஒரு டாலர் நாணயங்கள் பற்றி ஒரு சட்டம் இயற்றியது. குடியரசுத் தலைவர்களின் உருவம் பொறித்த நாணயங்களை மக்கள் புழங்க வேண்டும் என்பது நோக்கம். புழக்கம் கூடவில்லை. ஆகவே 2008இல் அந்நாட்டு நாணயச் சாலை ஒரு திட்டம் கொண்டுவந்தது. 250 நாணயங்கள் கொண்ட பெட்டியை 250 டாலருக்கே வாங்கலாம், அனுப்பும் செலவு இலவசம், கிரெடிட் கார்டும் ஏற்கப்படும்.

கார்டு செலவில் விமான மைல், பாயிண்ட் சேர்ப்பவர்கள் கண்ணில் இது உடனே பட்டது. கார்டில் நாணயம் வாங்கினார்கள், வந்த பெட்டியை அப்படியே வங்கிக்குக் கொண்டுபோய் டெபாசிட் செய்தார்கள், அந்தப் பணத்தில் கார்டு பில்லைக் கட்டினார்கள். பாயிண்ட் மட்டும் மிச்சம். நாணயங்களோ யார் கையிலும் புழங்காமல் வங்கிப் பெட்டகத்துக்கே திரும்பின. அச்சடிப்பும் கூரியரும் கார்டு கட்டணமும் அரசின் செலவு. 2011 ஜூலை 22 முதல் அந்தத் திட்டத்தில் கிரெடிட், டெபிட் கார்டுகளை ஏற்பதை நாணயச் சாலை நிறுத்தியது. யாருக்கும் நஷ்டமில்லை என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியாது. நஷ்டம் இருந்தது. அதைச் சுமந்தவர் எதிரே நின்று பேசவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது ஒரு வரி வழக்கு. ஒரு தம்பதி அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு வைத்திருந்தார்கள். ஆண்டுச் செலவு 6,500 டாலரைத் தாண்டியதும், மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் செய்யும் செலவுக்கு 5 சதவீதம் திரும்பக் கிடைக்கும். மேல் வரம்பு எழுதப்படவில்லை. அவர்கள் அந்தக் கடைகளில் விற்கும் விசா கிஃப்ட் கார்டுகளை வாங்கினார்கள், அவற்றைக் கொண்டு மணி ஆர்டர் (வங்கியில் போட்டுப் பணமாக்கக்கூடிய சீட்டு) வாங்கினார்கள், மணி ஆர்டரை வங்கியில் போட்டு கார்டு பில்லைக் கட்டினார்கள். 2013, 2014 இரண்டு ஆண்டுகளில் 64 லட்சம் டாலருக்கு மேல் சுற்றியது. கிடைத்த ரிவார்டு 3 லட்சம் டாலருக்கு மேல்.

இதை வருமானமாகக் கருத வேண்டும் என்றது வரித்துறை. 2021 பிப்ரவரியில் வரி நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு நுட்பமானது. கிஃப்ட் கார்டு என்பது ஒரு பொருள். அதை வாங்கியதற்குக் கிடைத்த ரிவார்டு விலையில் கிடைத்த தள்ளுபடி, ஆகவே வருமானம் இல்லை. ஆனால் கிரெடிட் கார்டிலேயே நேரடியாக மணி ஆர்டர் வாங்கியதற்கும், ரீலோட் செய்யும் டெபிட் கார்டில் பணம் ஏற்றியதற்கும் கிடைத்த ரிவார்டு வருமானம்தான். அங்கே பொருள் எதுவும் இல்லை. பொருள் இல்லாத இடத்தில் விலை ஏது, தள்ளுபடி ஏது?

இந்தத் தீர்ப்பு இந்தியாவில் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் கோடு எங்கே விழுகிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

## இந்தியாவில் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிய விதம்

முதலில் வங்கிகள் கட்டணம் போட்டன. கார்டு வழியாகக் கட்டும் வாடகைக்கு ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி 2022 அக்டோபர் 20 முதல் 1 சதவீதம் வசூலிக்கத் தொடங்கியது. மற்ற பெரிய வங்கிகளும் அடுத்தடுத்து வந்தன. எச்.டி.எஃப்.சி. வங்கி 2025 ஜூலை 1 முதல், மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாலட்டில் ஏற்றினாலும் 1 சதவீதக் கட்டணம் என்றது.

அப்புறம் கார்டுகளின் பலனே குறைந்தது. எஸ்.பி.ஐ. கார்டு 2022இல் கொண்டுவந்த கேஷ்பேக் கார்டு ஆன்லைன் செலவுக்கு 5 சதவீதம் தந்தது. 2023 மே 1 முதல் அதன் மாத உச்சவரம்பு பாதியாகி 5,000 ரூபாயானது. நகை, கல்விக் கட்டணம், கிஃப்ட் பொருட்கள், ரயில்வே எனப் பல வகைகள் பட்டியலிலிருந்து நீங்கின. ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் மாதம் ஒரு லட்சம் செலவழித்தால் 25,000 பாயிண்ட் போனஸ் உண்டு. அந்த ஒரு லட்சத்தை எட்டுவதற்காகவே பலர் பணத்தைச் சுற்றினார்கள். 2023 செப்டம்பர் 1 முதல் போனஸ் நின்றது. பாயிண்ட்டை விமான மைலாக மாற்றும் விகிதம் 5க்கு 4 என்பதிலிருந்து 5க்கு 2 ஆகச் சரிந்தது. நேர்மையாகச் செலவழித்தவர்களும் சேர்ந்துதான் இதில் இழந்தார்கள். ஓட்டையைப் பற்றிய பேச்சில் அடிக்கடி விடுபடுவது இவர்களின் நஷ்டம்.

கடைசியாகத்தான் ரிசர்வ் வங்கி வந்தது. அதன் கவலை ரிவார்டு பற்றியது அல்ல. 2024 பிப்ரவரி 15 அன்று வெளியிட்ட அறிக்கையில் ஒரு கார்டு நெட்வொர்க்கின் ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னது: நிறுவனங்கள் கார்டில் பணம் கட்டும். இடையில் உள்ள ஒரு நிறுவனம் அந்தப் பணத்தை வாங்கி, கார்டு ஏற்காதவர்களின் வங்கிக் கணக்குக்கு அனுப்பும். இதில் மூன்று குறைகளை அது கண்டது. பணம் செலுத்தும் அமைப்புகள் பற்றிய 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி இதுவே தனி அனுமதி வேண்டிய ஒரு பணம் செலுத்தும் அமைப்பு, அந்த அனுமதி இல்லை. இடைநிலை நிறுவனம் பெரும் தொகைகளைத் திரட்டி வைத்த கணக்கு அந்தச் சட்டத்தின் கீழ் குறிக்கப்பட்ட கணக்கு இல்லை. அனுப்புபவர், பெறுபவர் விவரங்கள் கே.ஒய்.சி. விதிப்படி பதிவாகவில்லை.

2025 செப்டம்பர் நெறிமுறைகளிலும் இதே சிந்தனைதான். பேமென்ட் அக்ரிகேட்டர் தன்னோடு ஒப்பந்தம் உள்ள வணிகருக்கு மட்டுமே பணத்தைக் கையாளலாம். வீட்டு உரிமையாளர் கடைக்காரர் இல்லை. அவரோடு செயலிக்கு வணிக ஒப்பந்தம் கிடையாது. அதனால்தான் வாடகை வசதி நின்றது. யாருடைய பணம், யாருக்கு, எதற்காகப் போகிறது என்பது தெரியாமல் ஓடும் எந்த வழியையும் ரிசர்வ் வங்கி பணமோசடிக்கான வழியாகவும் பார்க்கும். நீங்கள் சேர்ப்பது வெறும் பாயிண்ட் என்றாலும், அதே குழாயில் வேறு யாருடைய பணம் ஓடுகிறது என்பது உங்களுக்கே தெரியாது.

## லாபக் கணக்கு உண்மையில் எப்படி வருகிறது?

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்கு. 50,000 ரூபாயைக் கட்டணம் உள்ள ஒரு வழியில் சுற்றுகிறீர்கள். செயலிக் கட்டணம் 1 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 590 ரூபாய். வங்கிக் கட்டணம் 1 சதவீதம், ஜி.எஸ்.டி.யோடு இன்னொரு 590. மொத்தம் 1,180 ரூபாய். கார்டு தரும் ரிவார்டு 1.5 சதவீதம் என்றால் 750 ரூபாய். கையிலிருந்து 430 போகிறது. ஆண்டுச் செலவு இலக்கை எட்டினால் கிடைக்கும் போனஸ் இருந்தால் மட்டுமே கணக்கு தேறும்.

கட்டணமே இல்லாத ஓட்டை கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் சுற்றினால் 1 சதவீத கார்டில் 1,000 ரூபாய். ஒரு மாதம் பணம் திரும்பி வருவது தாமதமாகிறது. கடன் வாங்கிய நண்பர் தரவில்லை, அல்லது செயலி பரிவர்த்தனையை நிறுத்தி வைத்துவிட்டது. குறைந்தபட்சத் தொகையான 5,000 மட்டும் கட்டுகிறீர்கள். பாக்கி 95,000. மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 3,325 ரூபாய். அதன்மேல் ஜி.எஸ்.டி. 598.50. கிட்டத்தட்ட 3,923 ரூபாய். ஒரு மாதத் தடுமாற்றம் நான்கு மாத லாபத்தைத் தின்றுவிட்டது. பாக்கி இருக்கும்வரை புதிதாகச் செய்யும் செலவுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வட்டி விகிதத்துக்கு எதிராக நீதிமன்றம் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் இப்போது இல்லை. 30 சதவீதத்துக்கு மேல் ஆண்டு வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொல்லியிருந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது.

## என்னென்ன ஆபத்துகள்

1. பாயிண்ட் ரத்து, கார்டு முடக்கம். கார்டு வாங்கும்போது யாரும் படிக்காத விதிமுறைகளில், கார்டு சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றும், வணிக நோக்கில் பயன்படுத்தினால் ரிவார்டை ரத்து செய்யலாம் என்றும், கார்டை முடக்கலாம் என்றும் வழக்கமாக எழுதியிருக்கும். வங்கியின் கணினிக்கு முறையைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மாதாமாதம் லிமிட்டை ஒட்டி முழுத் தொகை, ஒரே நபருக்கு, ஒரே தேதியை ஒட்டி, பில் வந்ததும் வெளியிலிருந்து அதே தொகை. இப்படி முடக்கப்பட்டால் நியாயமாகச் சேர்த்த பாயிண்ட்டும் சேர்ந்து போகும். ஒரு வங்கியில் சம்பளக் கணக்கும் வீட்டுக் கடனும் வைத்திருப்பவர், அதே வங்கியில் கார்டு தகராறு வாங்கிக்கொள்வது எவ்வளவு சிக்கல் என்று யோசியுங்கள்.

2. சிபில் அறிக்கை. லிமிட்டில் எத்தனை சதவீதம் பயன்படுத்துகிறீர்கள் என்பதும் ஸ்கோரைப் பாதிக்கும். பில்லை முழுதாகக் கட்டினாலும், பில் தேதியில் லிமிட் நிரம்பியிருந்தால் அறிக்கையில் அந்த எண்தான் ஏறும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதம் குறைந்தது இருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்பதால் இடையில் கட்டி மறைக்கவும் வழி குறைந்துவிட்டது.

3. வருமான வரி. ஒரு நிதியாண்டில் ஒருவரின் கார்டு பில்லுக்காக 10 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் கட்டப்பட்டால் (ரொக்கமாக என்றால் 1 லட்சம்) வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வருமான வரி இணையதளத்தில் உள்ள உங்கள் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் (ஏ.ஐ.எஸ்.) அது தெரியும். 8 லட்சம் வருமானம் காட்டியவர் 30 லட்சத்துக்குக் கார்டு பில் கட்டியிருந்தால் கேள்வி வருவது இயல்பு. "அது என் செலவு இல்லை, ஒரே பணம்தான் திரும்பத் திரும்பச் சுற்றியது" என்று சொன்னால் போதாது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். மூலம் விளக்கப்படாத செலவை வருமானமாகவே கருதிச் சிறப்பு விகிதத்தில் வரி போடச் சட்டத்தில் இடம் உண்டு.

சாதாரணமாகச் சொந்தச் செலவுக்குக் கிடைக்கும் கேஷ்பேக்கை விலைத் தள்ளுபடியாகப் பார்ப்பதே நடைமுறை. அதற்காக யாரும் பதற வேண்டியதில்லை. ஆனால் வாடகை விஷயத்தில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. வாடகை என்று எழுதி அனுப்பிய பணம், வாங்கியவரின் கையில் வாடகை வருமானமாகக் கேள்வி கேட்கப்படலாம். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் கட்டுபவர் டி.டி.எஸ். (கொடுக்கும்போதே கழிக்கும் வரி) பிடிக்க வேண்டும். விகிதம் 2024 அக்டோபர் முதல் 2 சதவீதம். இல்லாத வாடகையைக் காட்டி எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) விலக்கும் கோரியிருந்தால், அது பாயிண்ட் விவகாரத்தைத் தாண்டி வரி ஏய்ப்பாகிவிடும்.

4. வங்கிக் கணக்கு முடக்கம். எல்லாவற்றிலும் மோசமானது இது. இதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டீல் குரூப்பில் நீங்கள் ஒரு போன் வாங்கிக் கொடுத்தீர்கள். உங்கள் கணக்குக்கு 70,000 ரூபாய் வந்தது. அனுப்பியவர் பெயர் உங்களுக்குத் தெரியாத பெயர். குரூப் அட்மின் "என் பார்ட்னர் கணக்கு" என்றார். அந்த 70,000, டிஜிட்டல் கைது மிரட்டலிலோ பங்குச் சந்தை மோசடியிலோ வேறு மாநிலத்தில் ஒரு ஓய்வூதியர் இழந்த பணமாக இருக்கலாம். அவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930இல் புகார் கொடுத்ததும், பணம் போன பாதையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வங்கியாகத் தகவல் போகும். முதல் கணக்கு, அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது என்று அந்தச் சங்கிலியில் வரும் எல்லாக் கணக்கிலும் தொகை நிறுத்தி வைக்கப்படும். சில நேரம் முழுக் கணக்குமே முடங்கும்.

மோசடிக்காரர்களுக்கு இது மிக வசதியான ஏற்பாடு. திருடிய பணத்தை, எளிதில் விற்கக்கூடிய புத்தம் புது போனாக மாற்றிக் கொடுக்கும் வேலையை கேஷ்பேக் ஆசையில் உள்ள ஒருவர் செய்துவிடுகிறார். போன் போய்விட்டது. பணம் கணக்கிலேயே நிற்கிறது. கார்டு பில் மட்டும் தேதி தவறாமல் வருகிறது. பில் உங்கள் பெயரில். போனின் ஐ.எம்.இ.ஐ. என்ற அடையாள எண்ணும் உங்கள் ஆர்டரோடு சேர்ந்தது. அந்த போன் நாளை ஏதாவது குற்றத்தில் சிக்கினால் முதல் விசாரணை வருவதும் உங்களிடம்தான்.

முடக்கத்தை நீக்கப் புகார் பதிவான மாநிலத்தின் காவல் நிலையத்தோடு பேச வேண்டியிருக்கும். திருப்பூரில் இருப்பவர் ராஜஸ்தானில் உள்ள விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டு காத்திருக்க நேரிடும். சந்தேகத்துக்குரிய தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அது உதவும். ஆனால் அதற்கு வழக்கறிஞர் வைத்து நீதிமன்றம் போக வேண்டும். கமிஷன் 500 ரூபாய்க்காக ஆரம்பித்த வேலை இது.

ஸ்வைப் பண்ணிக் காசு வாங்குவதிலும் இதே ஆபத்து உண்டு. கடைக்காரர் ரொக்கத்துக்குப் பதில் யு.பி.ஐ.யில் அனுப்பினால், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். கடைக்காரருக்கும் பாதுகாப்பு இல்லை. விற்காத பொருளுக்கு பில் போடுவது ஜி.எஸ்.டி. சிக்கல், ஸ்வைப் மெஷின் ஒப்பந்தத்தையும் மீறியது.

## ஏற்கனவே சுற்றிக்கொண்டிருப்பவர்கள் என்ன செய்யலாம்?

முதலில், புதிய சுற்று எதையும் தொடங்காமல் கார்டு பாக்கியை முழுதாக அடைக்கப் பாருங்கள். ஒரே தடவையில் முடியாது என்றால், ஆண்டுக்குச் சுமார் 40 சதவீத வட்டியில் ஓடும் கார்டு பாக்கியை அதைவிடக் குறைந்த வட்டியில் நகைக் கடனோ தனிநபர் கடனோ வாங்கி மூடுவது நல்லது. ஒரு கார்டின் பில்லை இன்னொரு கார்டால் கட்டிச் சமாளிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சேர்ந்திருக்கும் பாயிண்ட் நியாயமான செலவில் வந்தது என்றால் அதைச் சேமித்து வைக்காமல் பயன்படுத்திவிடுங்கள். பாயிண்ட்டின் மதிப்பை நிர்ணயிப்பது வங்கி, மேக்னஸ் கார்டில் பார்த்ததுபோல அது ஒரே நாளில் பாதியாகலாம்.

அடுத்தது ஆவணங்கள். உண்மையான வாடகை என்றால் ஒப்பந்தம், ரசீது, உரிமையாளரின் பான் எண் இருக்க வேண்டும். நண்பருக்காக ஏதாவது வாங்கியிருந்தால் அவர் பணம் அனுப்பிய விவரம், பேசிய செய்திகள், பில் ஆகியவற்றை அழிக்காதீர்கள். நண்பர் தவிர வேறு யார் கணக்கிலிருந்தும் பணத்தை ஏற்காதீர்கள். கடந்த நிதியாண்டில் கார்டுக்குக் கட்டியது 10 லட்சத்தைத் தாண்டியிருந்தால், கணக்குத் தாக்கல் செய்யும் முன் வருடாந்திரத் தகவல் அறிக்கையைத் திறந்து பார்த்து, ஆடிட்டரிடம் முழு உண்மையையும் சொல்லிவிடுங்கள். பாதி மறைத்துச் சொன்னால் அவரால் உதவ முடியாது.

காரணமே சொல்லாமல் கார்டை முடக்கிவிட்டார்கள், அல்லது நியாயமாகச் சேர்த்த பாயிண்ட்டையும் பறித்துவிட்டார்கள் என்றால் வாய் மூடி இருக்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் கார்டு நெறிமுறைகள் வாடிக்கையாளருக்குச் சில உரிமைகளைத் தருகின்றன. கட்டணங்களை மாற்றினால் குறைந்தது ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், அது முன்தேதியிட்டு அமலாகக் கூடாது. கார்டை மூடச் சொல்லி, பாக்கியும் இல்லாதபோது, ஏழு வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அவர்கள் தர வேண்டும். முதலில் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்பி எண்ணை வாங்கி வையுங்கள். 30 நாட்களில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே இலவசமாக முறையிடலாம். புகாரில் சர்ச்சைக்குரிய பரிவர்த்தனைகளை மறைக்காமல், நியாயமான செலவுகளுக்கான பில்களைத் தனியே பிரித்து இணைத்து அனுப்புங்கள். வங்கி தன் பதிலில் முதலில் எடுத்து வைக்கப்போவது அந்தச் சுழற்சிப் பட்டியலைத்தான்.